துண்டு போட்டு வைத்த பல்

மக்கா,

இன்று காலை என் உள்ளங்கையில் ஒரு வெள்ளி மலை வந்து விழுந்தது. பூமியே அதிர்ந்தது, பக்கத்து வீட்டு நாய் மட்டும்தான் கவனித்தது. மலையின் அளவு ஒரு வேர்க்கடலைப் பருப்பு. என் தங்கச்சி மகள் ஜெஸ்லினின் கடைவாய்ப் பால் பல், நீ மாட்டிவிட்ட உலோகத் தொப்பியோடு அப்படியே கழன்று வந்திருக்கிறது. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பல்லைத் தந்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, விழும்போ கொண்டு காட்டணும்னு டாக்டர் மாமா சொன்னாவல்லா? இப்பம் யாருகிட்ட காட்ட?"

ஈரேழு உலகத்துக் கேள்விகளுக்கும் பதில் வைத்திருப்பவன் நான். பல்லை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நான்கு வயதில் அவள் பால் புட்டியை வாயில் வைத்தபடிதான் தூங்குவாள். எங்கள் வீட்டில் சீனி ஆகாது என்பது பெரிய கொள்கை. அதனால் பாலில் கருப்பட்டி. கருப்பட்டி பல்லை ஒன்றும் செய்யாது என்று ஆலயத்துக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் தங்கச்சி உபதேசம் வேறு செய்துகொண்டிருந்தாள். பிள்ளையின் முன்பற்கள் கறுத்து ஈறு மட்டத்துக்குக் கரைந்தபோதும், பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்றிருந்தோம். கன்னம் வீங்கி, கஞ்சியைக்கூட அவள் தள்ளிவிட்டு அழுத பிறகுதான் திருவட்டாற்றில் உன் கிளினிக் படியேறினோம்.

நீ திட்டவில்லை. "சீனியும் கருப்பட்டியும் பல்லுக்கு ஒண்ணுதான் தங்கச்சி. தூங்குத பிள்ளைக்க வாயில இனிப்புப் பாலு கெடந்தா கிருமிக்குக் கல்யாண விருந்துல்லா" என்றாய். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விழப்போற பல்லுதான, எல்லாத்தையும் பிடுங்கிப் போடு" என்று நான் ஆலோசனை வழங்கினேன்.

"எலே, பஸ் சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிப்பியே, ஞாபகம் இருக்கா? கடைவாய்ப் பால் பல்லு அந்தத் துண்டாக்கும். பெரிய பல்லு வாறது வரைக்கும் எடத்தக் காத்துக் கெடக்கணும். துண்ட எடுத்தா பக்கத்துல உள்ளவன் சரிஞ்சு இருந்துருவான்."

மருந்தில் வீக்கம் வடிந்தது. சிகிச்சைக்குப் போன அன்று அவள் வாயை உதயகிரிக் கோட்டைக் கதவுபோல் மூடிக்கொண்டாள். நான் தைரியம் ஊட்டினேன். என் பல்லில் கயிறு கட்டி யானை இழுத்ததையும், பல் அசையாமல் யானை குப்புற விழுந்ததையும் விரிவாக எடுத்துரைத்தேன்.

"அப்பம் நீ மொதல்ல ஏறு" என்றாய்.

நாற்காலி சாய்ந்தது. உன் கையிலிருந்த கருவி 'விர்ர்' என்றது. யானையை வென்றவன், ஆடி மாதக் கடலில் வள்ளத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்போது என் கைமேல் ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது.

"பேடிக்காண்டாம் மாமா. நான் இஞ்சதான் நிக்கேன்."

நீ சிரிக்கவில்லை. உன் குட்டிக் கண்ணாடியை அவளிடம் கொடுத்தாய். அவள் எட்டி என் வாய்க்குள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "மாமாக்க வாயி நாறுது."

பிறகு அவளாகவே ஏறினாள். என் விரலை மட்டும் விடவில்லை. காப்பாற்ற முடியாத முன்பற்களை மரக்கவைத்து எடுத்தாய். அடுத்தடுத்து வந்தபோது கடைவாய்ப் பற்களின் வேர் வரை சுத்தம் செய்து தொப்பி மாட்டினாய். "இது தானா விழும்போ எனக்குக் கொண்டு காட்டணும், கேட்டியா?" என்றாய். புட்டி அடுக்களையைவிட்டே போனது. முதன்முதலாக அவள் அப்பளம் நொறுக்கிய சத்தம் நாகர்கோவில் வரை கேட்டது. தங்கச்சி அடுப்படியில் நின்று அழுததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

போன ஐப்பசி மழையில் நீ இந்த உலகத்தைவிட்டே போய்விட்டாய். உன் கிளினிக் வாசலைத் தாண்டும்போது இப்போதும் நாக்கு தானாக என் கடைவாயைத் தடவுகிறது.

"வாயத் தெற பிள்ள" என்றேன் இன்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் விழுந்த குழியில் ஈறைக் கீறிக்கொண்டு ஒரு வெள்ளைக் கூர். சாயவில்லை, நெருக்கடி இல்லை. உரியவன் வந்து உட்கார்ந்துவிட்டான், மக்கா.

"நான் கொண்டு காட்டுகேன்" என்று அவளிடம் சொல்லிப் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே எனக்கும் சன்னலோரத்தில் துண்டு போட்டிருப்பாய். அவசரப்படாதே, நான் மெதுவாகத்தான் வருவேன். வரும்போது இதையும் கொண்டுவருகிறேன்.