நீல லில்லியின் தகப்பன்

செவ்வாய்த் தோட்ட நிலையம்
நாள் 212. காலை 9.10
பசுங்கூடம் 21 டிகிரி. ஈரப்பதம் சரி. நீல லில்லி மூன்றாவது நாளாக வாடாமல் நிற்கிறது. லில்லியில் நீலம் வராது என்று சொன்ன அத்தனை பேரும் வந்து பார்க்கட்டும்.

பதிவுப் படிவம் அனுப்பினேன். பெயர்: தாட்சாயணி நீலம். என் பெயர்தான், அதிலென்ன? தாய்ச்செடி: வெண்சங்கு. மகரந்தம் தந்த செடி: 'பெயர் தெரியாத நாற்று'. தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும். கலப்பினம் வளர்க்கிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்தில் இப்படித்தான் எழுதுகிறோம். இரண்டு பெற்றோரையும் சொல்லிவிட்டால் அடுத்த வருஷமே எவனாவது அதே பூவைத் தன் பெயரில் பதிந்துவிடுவான்.

என் உதவியாளர் ஜெபராஜ் தன் மகள் பெனிட்டாவின் பெயரை வைக்கக் கேட்டிருந்தான். தூரிகையால் மகரந்தம் தடவியது முழுக்க அவன்தான். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

நாள் 214. பகல் 12.40
பூமியிலிருந்து பதிவாளர்: "பேரு சரிங்க. ஆனா நீலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எல்லாரும் கேப்பாங்களே, என்ன சொல்றது?" கேட்கட்டும்.

ஜெபராஜுக்கு இருமல். சளியில் துருநிறத் தூள். நுண்ணோக்கியில் பார்த்தேன். மகரந்தம் முளைத்திருக்கிறது. பூவின் சூலகத்தில் இறங்க வேண்டிய குழாய், மனுஷன் சளியில் நீள்கிறது. அவனைத் தனியறையில் படுக்கவைத்துக் கதவைப் பூட்டினேன். பூமியிலுள்ள டாக்டருக்குத் தகவல் அனுப்பினேன்.

இதைப் படிப்பவருக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த மகரந்தம் ஒன்பதாம் பெட்டியிலிருந்து எடுத்தது. கதிர்வீச்சு பட்ட நாற்றுகள். எலிகளின் நுரையீரலில் முளைத்ததால் திறக்கக் கூடாதென்று உத்தரவு. திறந்தது நான். நான் முகமூடி போட்டிருந்தேன். காரணம் சொல்லாமல் அவனை எப்படிப் போடச் சொல்வது? சொல்லவில்லை.

நாள் 215. காலை 8.05
பூமியிலிருந்து டாக்டர் ரெஹானா: "பதிவுல தெரியாத நாற்றுன்னு இருக்கு. எந்தச் செடின்னு தெரிஞ்சாத்தான் மருந்து சொல்ல முடியும் தாட்சாயணி. மருந்த மாத்திக் குடுத்தா அந்தக் குழாய் இன்னும் வேகமா வளரும். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, ப்ளீஸ்."

உண்மையைச் சொன்னால் உரிமம் போச்சு. பூவையும் எரிக்கச் சொல்வார்கள். பதினொரு வருஷ உழைப்பு, ஐயோ! 'மஞ்சள்கிளி' என்று பதில் அனுப்பினேன். சாதுவான செடி.

காலை 9.15
மருந்து விவரம் வந்தது. போடாவிட்டால் சந்தேகம் வரும். எந்த மருந்தானாலும் கொஞ்சமாவது கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊசி போட்டேன். இந்தக் கையால்தான்.

பகல் 1.30
சளியில் குழாய்கள் நாலு மடங்கு. வெட்கம் மானம் எல்லாம் விட்டு அனுப்பினேன்: பெட்டி ஒன்பது. பொய் சொன்னேன். செய்தி போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம்.

பகல் 2.12
ரெஹானா: "அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டீங்க! பெட்டி ஒன்பதுக்கு மருந்து இருந்துச்சு. காலையில சொல்லியிருந்தா பொழச்சிருப்பார். இப்ப முதல் மருந்து உள்ள இருக்கு, மேல இதப் போட்டா இதயம் நின்னுடும். அவர்கிட்ட பேசிக்கிட்டு இருங்க. வேற ஒண்ணும் செய்ய முடியாது."

பகல் 2.30
ஒலிபெருக்கியில் ஜெபராஜ்: "மேடம், ஊசி போட்டப்புறம் நெஞ்சு லேசா இருக்கு பாத்துக்கிடுங்க. நீங்க இல்லேன்னா நான் காலி. வீட்டுல ஒண்ணும் சொல்லாண்டாம், அவ பயந்துருவா. கொஞ்சம் கண்ண மூடுதேன். நாலு மணிக்கு எழுப்பிவிடுங்க, செடிக்குத் தண்ணி விடணும்."

சரி என்றேன்.

மாலை 4.25
கதவுக்கு வெளியே நிற்கிறேன். இருமல் சத்தம் இல்லை. முகமூடியைத் தாண்டி லில்லி மணம் வருகிறது. உள்ளே பூ எதுவும் வைக்கவில்லை.

நாலு மணிக்கு எழுப்பச் சொன்னான். நான் இன்னும் கூப்பிடவில்லை.