சிவப்பு அம்புக்கு அப்புறம் இருந்த பக்கங்கள்

பாய், நீங்கள் ஒட்டிய சிவப்பு அம்பு இன்னும் உரியவில்லை. இன்று காலை பீரோவின் அடித்தட்டில் துழாவி உங்கள் அட்டையில்லாத புத்தகத்தை எடுத்தேன். தாளெல்லாம் அப்பளமாக நொறுங்குகிறது. கடைசி வரியின் பக்கத்தில் அந்தக் காகித அம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால் செக்கிங் மேஜையில் நாங்கள் ஒட்டுவோமே, அதே அம்புதான். "இதுக்கு மேல துணி இல்லீங்க அம்மிணி" என்று சொல்லி, என் மேஜையிலிருந்து ஒன்றை உரித்து நீங்களே ஒட்டினீர்கள்.

அந்தப் புத்தகத்தில், தென் துருவத்துப் பனியில் ஒரு மரக்குடில், உள்ளே மூன்று பேர். கோடையில் கப்பலோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன கூட்டாளிகளுக்காகக் காத்திருக்கிறார்கள். கோடையும் வந்துவிடுகிறது. தினமும் மேட்டில் ஏறிக் கடலைப் பார்க்கிறார்கள். அந்த இடத்தோடு உங்கள் புத்தகம் தீர்ந்துவிட்டது. மிச்சம் கிழிந்து போயிருந்தது. பழைய பேப்பர் கடையில் எடுத்தது பின்னே எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். உங்களுக்கு மனசு ஆறவில்லை. டீ நேரத்தில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "கப்பல் வந்திருக்குமுங்களா?" என்று என்னையே கேட்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நீங்கள் பனியன் கம்பெனியின் அயர்ன் மாஸ்டர், நான் செக்கிங் சூப்பர்வைசர். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நீராவி அடிக்கிற மேஜை முன்னால் நாள் முழுக்க நிற்பீர்கள். நோன்பு மாதத்தில் மற்றவர்கள் டீக்குப் போகும்போது, ஒரு மூலையில் உட்கார்ந்து பனிமலையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். "இதைப் படிச்சா தாகம் இன்னும் எடுக்காதுங்களா பாய்?" என்று ஒருமுறை சீண்டினேன். "கொறையுதுங்க அம்மிணி. சூட்டுலயே நிக்கறவனுக்குத்தானுங்க ஐஸோட அருமை தெரியும்" என்றீர்கள்.

முதலாளி டீ ஷெட்டில் ஒரு மர அலமாரியை வைத்து, புத்தகம் வாங்கும் பொறுப்பை நம் இருவர் தலையில் கட்டினார். டெய்லர்கள் தொடர்கதை கேட்டார்கள், பனியனுக்குக் கை மடித்துக் கொடுக்கும் பெண்கள் கோலமும் சமையலும் கேட்டார்கள். நீங்கள், "கீழ்த்தட்டு ஒண்ணை ஐஸுக்கு உட்டுருங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் புத்தகக் காட்சி போட்டிருந்தார்கள். கம்பெனி வேனில் போய் இறங்கினோம். நீங்கள் புத்தகம் பொறுக்குகிற விதத்தை அன்றுதான் பார்த்தேன். பனிக்கரடியும் பென்குவினும் ஒரே அட்டையில் நின்றால் அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டீர்கள். "இது வடக்க இருக்குது, அது தெக்க இருக்குது. ரெண்டும் சென்மத்துல பாத்துக்காதுங்க. அட்டை போட்டவனுக்கே தெரியலீன்னா உள்ள என்னத்தைச் சொல்லுவான்?" அட்டையில் தப்பினால் நடுவில் விரித்துப் பார்ப்பீர்கள். வீரம், தியாகம் என்று பக்கம் பக்கமாகப் போனால் மூடி வைத்துவிடுவீர்கள். "அது கெடக்கட்டுமுங்க. ஈர சாக்ஸை எங்க காயப்போட்டாங்கன்னு எழுதியிருக்கோணும். அதை எழுதுனவன்தான் மெய்யா அங்க போனவன்."

இன்றைக்கும் எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியாது. பேத்தி முறையில் ஒருத்தி திமிங்கிலம் பற்றிப் புத்தகம் வேண்டும் என்றபோதும் இப்படித்தான் தேடினேன். அது என்ன தின்கிறது, எவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறது என்று சொல்லியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

என் வேலை தையலையும் தாளையும் பார்ப்பது. பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, மை பரவியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் புரட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். கிளம்பும் நேரத்தில் கடைசி ஸ்டாலிலிருந்து உங்கள் குரல் கேட்டது. "அம்மிணி, இங்க வாங்க! நம்ம மூணு பேரும் இங்க இருக்கறாங்க!" அதே புத்தகம். முழுசாக, அட்டையோடு.

நான் வாங்கிப் புரட்டினேன். முன்பாதி வெள்ளைத் தாள், பின்பாதி பழுப்பு. அந்த வாரம் முழுக்க உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக வந்த பனியன்களை ரிஜெக்ட் செய்து செய்து என் கண்ணே அப்படிப் பழகியிருந்தது. "ஷேட் மாறுதுங்க பாய். இதை எடுத்துட்டுப் போனா என்னைய சிரிப்பாங்க. வேற காப்பி அனுப்பச் சொல்லறேன்" என்றேன். ஸ்டால்காரரும் அனுப்புவதாகத் தலையாட்டினார்.

நீங்கள் புத்தகத்தை விடவில்லை. பின்பக்கம் விரலை நுழைத்துக்கொண்டு, "கடைசிப் பக்கத்தை மட்டும் பாத்துக்கறனுங்களே" என்று கேட்டீர்கள். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "இங்கயே நின்னு முடிச்சுட்டா, வர்ற புதுப் புத்தகத்துல என்னத்தைப் படிப்பீங்க?" என்று நான் கேலி செய்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே விரலை எடுத்தீர்கள். அந்த விரலை எடுக்க வைத்தது நான்தான், பாய்.

காப்பி வரவில்லை. கார்டு மேல் கார்டு போட்டேன், கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. கோயமுத்தூர்க் கடைகளிலும் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கோடையில் நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மத்தியானம் வந்து பார்த்தேன். உங்கள் வீட்டம்மா தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். கம்பெனி சேதி எல்லாம் பேசி முடித்த பிறகு, "கப்பல் வந்துருச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டீர்கள்.

கொஞ்சமும் யோசிக்காமல் பொய் சொன்னேன். "வந்துருச்சுங்க பாய். வேற காப்பி கெடச்சுது, படிச்சுட்டேன். மூணு பேரும் ஏறிட்டாங்க."

"சாக்ஸெல்லாம் எடுத்துட்டாங்களா?"

"ஒண்ணு விடாம எடுத்துட்டாங்க."

உங்கள் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு ஓடியது. என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டீர்களா, நம்பிவிட்டீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் போய்விட்டீர்கள். கம்பெனி இடம் மாறியபோது அலமாரியைக் கழித்துக் கட்டினார்கள். கீழ்த்தட்டில் நீங்கள் வைத்திருந்த உங்கள் புத்தகத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் புத்தகக் காட்சியில் அதன் மறுபதிப்பைப் பார்த்தேன். தாளைத் தடவிப் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவில்லை. பில் போடச் சொல்லிவிட்டேன். ஆனால் எந்த இடத்திலிருந்து படிப்பது? அதற்காகத்தான் காலையில் உங்கள் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அம்பு காட்டிய வரியைப் புதியதில் கண்டுபிடித்து, அங்கிருந்து சத்தம் போட்டு வாசித்தேன். வீட்டில் யாரும் இல்லை. மொத்தம் பதினோரு பக்கம்தான் பாய். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முடித்துவிட்டு அழுதேன்.

கப்பல் வந்தது. தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. மூன்று பேரும் உயிரோடு ஏறினார்கள். அந்த மட்டுக்கும் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பனி மறுபடி இறுகுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று மாலுமிகள் அவசரப்படுத்தியதில், எதையும் எடுக்க நேரமில்லாமல் ஓடியிருக்கிறார்கள்.

சாக்ஸை எடுக்கவில்லை, பாய். அடுப்புக்கு மேலே கம்பியில் காயப்போட்டபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.