பால் வரிசையில் நஃபியே

திரானா, ஏப்ரல் 4

வெள்ளைக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தினமும் எங்கள் தெருவுக்கு வரும் மகளுக்கு,

செல்மான் எழுதுவது. எழுதுவது என்ன, சொல்வது. எனக்கு எழுத்து வராது. எதிர் வீட்டுத் தெவுதா, மருந்துக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். உன் பெயர் லெடியா என்பதும் அவள் விசாரித்துச் சொன்னதுதான்.

நான் ஐந்தாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன். லிஃப்ட் கிடையாது. முழங்கால்கள் போன பிறகு இந்த ஜன்னல்தான் எனக்குத் தெரு. கம்யூனிஸ்ட் காலத்துத் திரானாவைக் காட்டுகிறேன் என்று வெளிநாட்டுக்காரர்களை நடத்திக் கூட்டி வருகிறாய். செல்போன் கடை முன்னால், அந்தக் காலத்தில் பால் கடை இருந்த இடத்தில், பையிலிருந்து கற்களை எடுத்து வரிசையாக வைக்கிறாய். நடுவே ஒரு நைந்த வலைப்பை, ஒரு தகர டப்பா. விடியுமுன் வந்து கல்லை வைத்துவிட்டுப் போய்த் தூங்குவார்கள், கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்று சொல்கிறாயாம். சரிதான். அதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு. என் மனைவி நஃபியேவுக்கு நினைவு சரியில்லை. உன் கற்கள் கண்ணில் பட்டால் போதும், காலி பாட்டிலோடு இறங்கிவிடுகிறாள். கடைசிக் கல்லுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். நேற்று படம் பிடித்த ஒருவனிடம் அவள் போட்ட சத்தம் இங்கே வரை கேட்டது. "ஏய் நெட்டையா, நடுவுல நுழையாத! வெக்கமா இல்ல உனக்கு?" எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் போன பிறகும் நின்றாள். அப்புறம் வெறும் பாட்டிலோடு ஏறி வந்து, "பிள்ளைக்கு என்னத்தக் குடுப்பேன்?" என்று சாயங்காலம் வரை அழுதாள். அந்தப் பிள்ளை லுவானுக்கு ஐம்பத்திரண்டு வயது. கிரேக்கத்தில் பஸ் ஓட்டுகிறான்.

கல்லை வேறு தெருவில் வை, மகளே. இறங்கி வந்து அவளை அழைத்துப் போக எனக்குக் கால் இல்லை.

செல்மான்


ஏப்ரல் 9

செல்மான் பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கூசிப்போனேன். பெரியம்மா விளையாட்டுக்கு வந்து நிற்கிறார் என்றே நினைத்திருந்தேன். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

தெருவை மாற்ற முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் கல்லுதாம்மா நம்ம பொழப்பு, அத எடுத்துட்டா வெறும் கட்டடத்தயா காட்டுவ?" என்கிறார். வேலையை விட்டுவிடவும் என்னால் முடியாது. ஒன்று செய்யலாமா? இனி நான் பால் கொண்டு வருகிறேன். பெரியம்மா வெறும் கையோடு ஏறி வர வேண்டாம்.

அந்தக் காலம் முடிந்த பிறகு பிறந்தவள் நான். என் அம்மா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. படித்ததைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அன்புடன்,
லெடியா


ஏப்ரல் 23

மகள் லெடியாவுக்கு,

பால் வந்தது. முதல் நாள் நீ கொடுத்த அட்டைப் பெட்டியை அவள் தொடவில்லை. "இது என்ன, சலவைத் தூளா?" என்று கேட்டாளாம். மறுநாள் நீ அவள் பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுத்தாய். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தாள். காய்ச்சினாள். பாதியை லுவானுக்கு என்று மூடி வைத்துவிட்டு, மீதியில் எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். அன்று ராத்திரி தூங்கினாள். நானும் தூங்கினேன். எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது தெவுதா அவள் கையைப் பிடித்துப் படியிறங்கி, பக்கத்திலேயே நிற்கிறாள். நேற்று யாரோ அவள் சட்டைப் பையில் காசு போட, "நான் என்ன பிச்சக்காரியா?" என்று நஃபியே அதை வீசியெறிந்தாளாம். காசு போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவை. கைதட்டவும் வேண்டாம். மற்றபடி நடக்கட்டும். இவள் அழாமல் இருந்தால் எனக்கு அது போதும். வேறு எதையும் கேட்கிற தெம்பு இல்லை.

செல்மான்


மே 18

பெரியப்பாவுக்கு,

நேற்று நடந்ததைத் தெவுதா அக்கா சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

பெரியம்மா வழக்கம்போல் நின்றார். திடீரென்று அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். "சானியே" என்று கூப்பிட்டார். "நீதான போய்ச் சொன்ன? பால்ல பாதி தண்ணின்னு என் தம்பி ஹில்மி சொன்னத, நீதான அவங்க காதுல போட்ட? இந்த வரிசையில உனக்கு முன்னாடிதானடி அவன் நின்னான்!"

அக்கா, "பெரியம்மா, நான் தெவுதா. சானியே எங்க அம்மா" என்றார். "நடிக்காதடி" என்றார் பெரியம்மா. அக்கா பால் பாட்டிலை வாங்கி, பெரியம்மாவை மெல்ல நடத்திக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் ஒரு பெண் அழுதுவிட்டாள். மொழி தெரியாமலே அவர்களுக்குப் புரிந்தது. இத்தனை நாள் நான் கூட்டிக் காட்டியதில் உண்மையானது அந்த ஒரு நிமிடம்தான் என்று தோன்றுகிறது.

பேரைச் சொல்லாமல் இதை என் பேச்சில் சேர்த்துக்கொள்ளட்டுமா? சானியே நிஜமாகவே உளவு சொன்னாரா? ஹில்மி என்ன ஆனார்? நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

லெடியா


மே 29

மகள் லெடியாவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கும். செல்போன் கடைக்காரர் பெஸ்னிக் எழுதுகிறார். உன் கடிதம் பத்து நாளாக மேசையில் கிடந்தது. வாசிக்க ஆளில்லை. அன்று நஃபியேவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் கதவைச் சாத்தியவள்தான் தெவுதா.

கேட்டாய், சொல்கிறேன். ஆமாம், சானியேதான். ஹில்மிக்குச் செம்புச் சுரங்கத்தில் ஏழு வருடம் கட்டாய வேலை, கைதியாக. திரும்பி வந்தவன் வீட்டில் யாரோடும் பேசாமலே செத்தான். இந்த மாடிப்படி முழுக்க அது தெரியும். தெவுதாவுக்கு மட்டும் தெரியாது, அப்போது சின்னப் பெண். நஃபியே அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, புத்தி தெளிவாக இருந்த அத்தனை வருடமும். சானியே செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் உண்டு. ஏன் தூக்கினாய் என்று கேட்காதே. எதிர் வீடு.

உண்மையான நிமிடம் என்கிறாய். இருக்கலாம். நீ அதைச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாய். நாங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நடையில்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். சேர்க்காதே, மகளே. பேர் சொல்லியும் வேண்டாம், சொல்லாமலும் வேண்டாம்.

உன் கல்லை நீ வைத்துக்கொள், உன் பிழைப்பு. நான் ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டேன். இனி நஃபியேவுக்குக் கல் தெரியாது. எனக்கும் தெரு தெரியாது. போகட்டும், பார்த்தவரை போதும். பாலும் வேண்டாம்.

முதலில் அழுதாள். அப்புறம் வேறு வழி கண்டுபிடித்துவிட்டாள். தெருவில் சொன்னதெல்லாம் அவளுக்கு அன்றைக்கே மறந்துபோயிற்று. தினமும் எழுந்ததும் எதிர்க் கதவைத் தட்டுகிறாள். "சானியே, வாடி, பால் வண்டி வந்துரும்." கதவு திறக்காது. மறுநாளும் தட்டுவாள். நான் என் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். "அவ ஊர்ல இல்ல, வா" என்றால் கேட்கமாட்டாள்.

இன்று காலை கதவு திறந்தது. தெவுதா இளைத்திருந்தாள். நஃபியேவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னிக்குப் பால் வரலையாம், நஃபியே" என்றாள். பெரியம்மா என்று கூப்பிடவில்லை. அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "உள்ள வா. காப்பி போட்டிருக்கேன்."

நஃபியே போனாள். இன்னும் வரவில்லை. இரண்டு பேரும் பேசுவது இங்கே கேட்கிறது.

பெஸ்னிக் கடை திறக்க வேண்டும், கிளம்பிக்கொண்டிருக்கிறார். நீ பதில் எழுதினால் இனி அதைத் தெவுதாவிடம்தான் வாசிக்கக் கொடுப்பேன். அதனால் எழுதாதே.

செல்மான்