அரோகராவில் முடிந்த ஜெபம்

டீச்சர்,

பௌர்ணமிக்கு மறுநாள் ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் அப்படித்தான். அடி அண்ணாமலைப் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு வந்தார்கள். கிரிவலப் பாதையில் அப்பா அம்மா போட்ட கடையில் இவர்களும் கண் விழித்திருக்கிறார்கள். காலை ஜெபத்துக்கு வரிசையில் நிறுத்தினேன். முன்னால் நின்ற ஒரு குட்டி கைகூப்பியதும் கற்பூர வாசனை வந்தது. கற்பூரம் விற்கிற வீட்டுப் பிள்ளை. எனக்கு உடனே உங்கள் வகுப்பு பவித்ரா ஞாபகம் வந்துவிட்டது; அவள் கையிலும் இதே வாசனைதான். அவள் வந்தால் பின்னாலேயே நீங்களும் வந்துவிடுகிறீர்கள்.

நம் மிஷன் பள்ளியில் நீங்கள் ஒன்றாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. நீங்கள் ஞாயிறு ஆராதனை தவறாதவர். நான் விபூதி வைக்காமல் வாசல் தாண்டாதவள். அத்தனை வருஷமும் நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே கிடையாது.

காலை ஜெபத்தில் தினம் ஒரு பிள்ளையை முன்னால் வரச்சொல்லி, அதன் சொந்த வார்த்தையில் ஜெபம் பண்ணச் சொல்வீர்கள். தொலைந்துபோன ரப்பர் கிடைக்கணும் என்று ஒன்று கேட்கும். ஆட்டுக்குட்டி பால் குடிக்கணும் என்று இன்னொன்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நீங்கள் சிரித்ததே இல்லை. "பொய் இல்லாம கேட்டா எல்லாம் ஜெபந்தான் டீச்சர்" என்பீர்கள்.

பவித்ராவின் முறை வந்த அன்று பார்த்தா தாளாளர் வந்து நிற்க வேண்டும்? அவள் அம்மா ரொம்ப முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. "ஏசப்பா, எங்கம்மாவ வீட்டுக்கு அனுப்பு. அண்ணாமலையானுக்கு..." என்று இழுத்தது. வரிசையில் நின்ற மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரே குரலில் "அரோகரா!" என்றது. மலையடிவாரத்துப் பிள்ளைகள், அந்த வார்த்தைக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். சொல்லப்போனால் என் வாயும் திறந்துவிட்டது.

தாளாளர் முகம் கறுத்துப்போனது. ஆமென் என்று திருத்திச் சொல்லச் சொன்னார். அவள் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஆபீசுக்கு உங்களைக் கூப்பிட்டு, இனி அச்சடித்த ஜெபம் மட்டும்தான், பிள்ளைகள் இஷ்டத்துக்குப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. மேலே இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு.

மத்தியானம் பவித்ரா தட்டைத் தொடவில்லை. நீங்கள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் தப்பா சொல்லிட்டேன். எங்கம்மா இனிமே வரமாட்டாங்களா டீச்சர்?"

அந்த மனுஷரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று எழுந்தேவிட்டேன். உங்கள் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"நீ கைக்கொழந்தையா இருந்தப்ப சோறு வேணும்னா கேட்ட? மம்முனுதான கேட்ருப்ப. சரியா சொன்னாதான் போடுவேன்னாங்களா உங்கம்மா?"

"இல்ல."

"அவ்ளோதான். சாமிக்குப் புரியும். சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். ஆனால் அம்மா வந்துவிடுவாங்க என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. சொன்னால்தான் என்ன, பிள்ளை சந்தோஷப்படுமே என்று உங்களிடம் சண்டைக்கு வந்தேன். அது என் கையில் இல்லையே டீச்சர் என்றீர்கள். என்ன கல் மனசு என்று அன்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து தாளாளர் சொன்னபடியே அச்சடித்த ஜெபம். அது முடிந்ததும் நீங்கள், "இப்ப ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. கண்ண மூடுங்க, வாய மூடுங்க, மனச மட்டும் மூடாதீங்க" என்றீர்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் நிற்பதை எந்தத் தாளாளர் வேண்டாம் என்பார்? எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. அந்த ஒரு நிமிஷத்தில் பவித்ராவின் உதடு அசைந்ததை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

அவள் அம்மா வரவில்லை. தீபத் திருவிழாவுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தவள், கேட்டாளே ஒரு கேள்வி. சரியாகத்தானே கேட்டேன், ஏன் தரவில்லை என்று. சாமி நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கும் என்று நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நீங்கள் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியல கண்ணு" என்றீர்கள். இரண்டு பேரும் அழுதீர்கள். பொய் சொல்லி வளர்த்த பக்தி பிள்ளையோட கடைசிவரைக்கும் வராது டீச்சர் என்று பிற்பாடு என்னிடம் சொன்னீர்கள். கல் மனசு இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்கப்புறம் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்ணை மூட மாட்டாள். மலையைப் பார்த்துக்கொண்டு விறைத்து நிற்பாள். மற்ற டீச்சர்கள் அதட்டப் போனபோது நீங்கள் தடுத்தீர்கள். "அவ முழிச்சிருக்கட்டும். கூட நானும் முழிச்சிருக்கேன்." பள்ளிக்கூடமே கண் மூடி நிற்க, நீங்கள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எத்தனை மாதமோ. ஒரு நாள் அவள் உங்களைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் நீங்கள் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

போன வருஷம் உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேனே. எலும்பும் தோலுமாகக் கிடந்தீர்கள். எனக்காக ஜெபம் பண்ணுங்க டீச்சர் என்று கேட்டீர்கள். உங்க ஜெபம் எனக்கு எங்கே தெரியும் என்றேன். தெரிஞ்சத சொல்லுங்க என்றீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, வலி கம்மியாகணும், தூக்கம் வரணும் என்று என்னென்னவோ கேட்டேன். முடிக்கும்போது வாய் பழக்கத்தில் அண்ணாமலையானுக்கு அரோகரா என்று வந்துவிட்டது. பக்கத்தில் உங்கள் சபைக்காரர்கள் நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "ஆமென்" என்றீர்கள்.

டீச்சர், நீங்கள் போனபின் உங்கள் வகுப்பை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அச்சடித்த ஜெபத்தைத் தலைமையாசிரியை வாசிக்கிறார். அது முடிந்ததும் ஒரு நிமிஷம் பேசாதீங்க என்று சொல்வது நான். அந்த நிமிஷத்தில் உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

இன்று முடியவில்லை. எல்லோரும் கண்ணை மூடியபோது கற்பூரக் கைக்காரி மூடவில்லை. தூக்கமோ, வீட்டில் ஏதாவது துக்கமோ, நான் கேட்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானும் கண்ணை மூடவில்லை டீச்சர்.