சத்தமில்லாமல் இழுத்த வலை

மச்சான்,

இன்று காலை வலையின் மடிப் பைக்குள் ஒரு மரக்கட்டை வந்தது. கீரி மீனும் காரலும் துள்ளிக்கொண்டிருக்க, நடுவில் கறுத்துப்போய்க் கிடந்தது. மடியைக் கிழித்துவிட்டது என்று பொடியன்கள் ஏசினார்கள். நான் தூக்கிப் பார்த்தேன். அத்தனை உப்பில் ஊறியும் உள்பட்டையில் காட்டு மணம் போகவில்லை. நனைந்த இலையும் சேறும் கலந்த அந்த மணம் உனக்குத் தெரியும். மாரி தொடங்கிவிட்டது. ஆற்றுவாயை அடைத்துக் கிடந்த மணலை வெட்டிவிட்டார்கள். கல்லோயாக் காட்டுத் தண்ணீர் மறுபடியும் எங்கள் கடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது இந்த வருடத்தின் கடைசி வலையாகத்தான் இருக்கும்.

அடுப்புக்கு ஆகும், தா என்று ஒருவன் கேட்டான். கொடுக்க மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடுதாசி எடுத்து உட்கார்ந்ததும் என் பொஞ்சாதி யாருக்கு எழுதப்போகிறேன் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். இந்தக் கட்டையைப் பற்றிக் கதைக்க உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

கரைவலைக்கு இரண்டு கயிறு. தோணி வலையை அரைவட்டமாக விட்டுக் கரைக்கு வந்ததும் வடக்குக் கயிற்றுக்கு நீ முதல் ஆளாக நிற்பாய், தெற்குக் கயிற்றுக்கு நான். தொடங்கும்போது உன் முகம் எனக்குத் தெரியாது, அவ்வளவு தூரம். உன் குரல் மட்டும் வரும். இழுக்க இழுக்க இரண்டு பக்கமும் நெருங்கி, மடி கரையேறும்போது உன் தோளும் என் தோளும் முட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து நம்முடைய நாட்கள் அப்படித்தான் விடிந்தன.

வலை இழுக்க நீ பாடும் அம்பாவுக்குச் சாய்ந்தமருதுக் கரையில் நிகர் கிடையாது. நீ ஒரு அடி எடுத்துக் கொடுப்பாய், கயிறு பிடித்த அத்தனை பேரும் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். மற்றவர்கள் பழைய அடிகளையே பாடினார்கள். நீ அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டுவாய். அதுவும் யாரை வைத்து? என்னை வைத்து. நான் மாமியார் வீட்டில் வட்டிலப்பம் தின்று வயிறு கெட்டது, புதுச் சாரனைச் செருப்பில் மிதித்துக் கிழித்தது, எல்லாம் அம்பாவாகிவிடும். எனக்குக் கோபம் வரும். கோபத்தில் இன்னும் பலமாக இழுப்பேன். அதற்குத்தானே பாடினாய், கள்ளன்!

ஐம்பத்தேழாம் வருடம் முடியும்போது அந்த வெள்ளம் வந்தது. வயல் போயிற்று, வேலி போயிற்று, ஊருக்குள் முழங்காலளவு சேறு. கடல் செம்மண் நிறத்தில் கிடந்தது. தோணி இறக்க வழியில்லாமல் கரையில் வாடிக் குடிசையில் குந்தியிருந்தோம். அப்போதுதான் லொறிக்காரர் ஒருவர் வந்து சொன்னார்: கல்லோயாவை மறித்துக் கட்டிய இங்கினியாகலைக் குளத்தைச் சுற்றி விலங்குகளுக்கென்று ஒதுக்கிய காடு உருக்குலைந்து கிடக்கிறது, பாதையெல்லாம் மரம் விழுந்திருக்கிறது, குளத்து நடுவில் மேடுகளில் மான்கள் அகப்பட்டிருக்கின்றன, தண்ணீர் தெரிந்த ஆட்கள் வந்தால் காட்டுக் காவலர்களுக்கு உதவியாக இருக்கும் என்று.

ஊரில் சிரித்தார்கள். சொந்த வீட்டுக்குள் சேறு கிடக்கிறது, இவனுகள் மானுக்கு வலை கொண்டு போகிறானுகளாம். நீ அதற்குச் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"காடு கழுவுண்டு போனா அந்தச் சேறெல்லாம் எங்கட கடலுக்குத்தானே வருது. காட்டுக்காரன் எங்களுக்கு அயல்வீடு."

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பழைய வலையொன்றைத் தந்தார், கிழிந்தாலும் பரவாயில்லை என்றார். தோணியையும் லொறியில் ஏற்றினோம். மருதமுனைத் தறிக்காரர்கள் சிலரும் கோடரியோடு தொற்றிக்கொண்டார்கள். நீந்தத் தெரியாத அந்தப் பாவிகளை வழிநெடுக முதலைக் கதை சொல்லி நடுங்க வைத்தாய்.

மான்கள் நின்ற மேட்டை நினைத்துப் பார். ஒரு பள்ளிவாசல் முற்றமளவு கூட இல்லை. புல் ஒன்று இல்லை, இருந்த மரத்தின் பட்டையையும் உரித்துத் தின்றிருந்தன. விலா எலும்பு தெரிய ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மேட்டுக்கும் கரைக்கும் நடுவே இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் பின்பக்கம் ஆழம், ஆழத்துக்குள் மூழ்கிய மரங்கள். தோணியில் போய் விரட்டினால் பயந்து ஆழப் பக்கம் பாய்கின்றன, கிளைகளில் சிக்கிச் சாகின்றன என்றார் காவலர். மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு முழம் ஏறினால் மேடே இருக்காது.

வலையால் ஆழப் பக்கத்தை அடைக்கலாம் என்று நீதான் சொன்னாய். கரைவலை மாதிரியே மேட்டுக்குப் பின்னால் வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் கரைக்கு எடுத்து மெல்ல இழுப்பது. வலைக்குப் பின்னால் சிலர் தடியால் அதைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வருவது. வலை நெருங்க நெருங்க மான்கள் தாங்களாகவே ஆழமில்லாத பக்கமாகக் கரைக்கு இறங்கிவிடும். காவலர் சிங்களம் பேசுகிறவர், தமிழ் கொஞ்சம்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சத்தம் எப்பா, சத்தம் எப்பா" என்று கையைக் கையை அசைத்தார். சத்தம் வேண்டாமாம். ஓம் ஓம் என்றோம்.

ஆனால் சத்தமில்லாமல் வலை இழுக்க எங்களுக்கு யார் பழக்கினார்கள்? கயிற்றைத் தொட்டதும் ஒருவன் முன்னே, ஒருவன் பின்னே. வலை ஒரு மரக்குற்றியில் மாட்டி நின்றுவிட்டது. சின்னப் பிள்ளையிலிருந்து கயிற்றோடு பாட்டையும் பிடித்த வாய் உன்னுடையது. நீ நினைத்துப் பாடவில்லை, எனக்குத் தெரியும். வலை மாட்டியதும் அம்பா தானாக வந்துவிட்டது. நாங்களும் யோசிக்காமல் அத்தனை தொண்டையாலும் திருப்பிச் சொல்லிவிட்டோம்.

மேடு வெடித்த மாதிரி மான்கள் சிதறின. ஒரு பெட்டை வலைக்கு மேலே பாய்ந்து, கால் கண்ணியில் மாட்டி, ஆழப் பக்கம் தலைகுப்புற விழுந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு முதலில் குதித்தவன் நீ. இடுப்புக் கத்தியால் வலையை வெட்டி அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தாய். கரைக்கு வரும்போது அதற்கு உயிர் இல்லை. மற்றவை எப்படியோ மேட்டுக்கே திரும்பி நடுங்கிக்கொண்டு நின்றன. நீ அந்தத் தலையை மடியை விட்டு இறக்கவில்லை. தறிக்காரப் பொடியன் ஒருவன் தன் சால்வையை எடுத்து அதன் மேல் போட்டான்.

திரும்பிப் போய்விடலாம் என்றார்கள் நம்மவர்கள். மழை தூறத் தொடங்கியது. நீ எழும்பி, வெட்டுண்ட இடத்தை முடிந்து, வடக்குக் கயிற்றைக் கையில் எடுத்தாய். என்னிடம் வந்து மெல்லச் சொன்னாய்:

"கயித்தால கதைப்பம் மச்சான். நான் சுண்டுறன், நீ இழு. மத்தவனுகள் எங்கட முதுகப் பார்க்கட்டும்."

அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு இழுவையை நான் இழுத்ததில்லை. நாணலுக்கு அப்பால் நீ. உன் முகமும் தெரியாது, குரலும் இல்லை. கயிறு உள்ளங்கையில் ஒரு முறை துடிக்கும். அது நீ. நான் சாய்வேன், என் பின்னால் அத்தனை பேரும் சாய்வார்கள். பிறகு தளர்வு. மறுபடி ஒரு துடிப்பு. இடையிலே எவ்வளவு வலை, எவ்வளவு தண்ணீர், ஆனாலும் நீ மூச்சு விடுவதுகூட எனக்குத் தெரிந்தது. மழை விழும் சத்தம் மட்டும். மான்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. உனக்கும் எனக்கும் நடுவே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஏறி, ஈரத்தை உதறிவிட்டுக் காட்டுக்குள் போயின. கடைசி மான் மறைந்ததும் பொடியன்கள் கூவ வாயெடுத்தார்கள். நீ விரலை உதட்டில் வைத்தாய்.

பிறகு சில நாட்கள் தங்கிப் பாதைகளில் விழுந்த மரங்களை வெட்டிப் போட்டோம், செத்தவற்றைப் புதைத்தோம். அந்தப் பெட்டையை நீயே புதைத்தாய், யாரையும் கிட்ட விடவில்லை.

ஊருக்கு வந்து கடல் தெளிந்தது. வலை இறங்கியது. நீ பாடவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு இழுத்தாய். இன்றைக்குப் பாடுவான், நாளைக்குப் பாடுவான் என்று பார்த்தோம். வேறு ஒருவன் பாடினான், யாருக்கும் தோளில் வலு வரவில்லை. வலை பாரமாகிவிட்டது என்று கரை முழுக்க முணுமுணுப்பு. சம்மாட்டி என்னைத்தான் தூது விட்டார். நான் உன்னை ஏசினேன், கெஞ்சினேன். ஒரு மானுக்காக ஒரு கரையே ஊமையாவதா என்று கேட்டேன். நீ மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்:

"பாட வாயெடுத்தா அது தண்ணிக்குள்ள பார்த்த பார்வதான் வருகுது. என்ட குரல எனக்கே பயமாக் கிடக்கு."

அந்த நோன்பு மாதம் முழுவதும் நீ என்னோடு பள்ளிக்கு வந்தாய், ஒன்றாக நோன்பு திறந்தாய், ஆனால் நீ எங்கேயோ இருந்தாய். உயிரோடு பக்கத்தில் இருக்கும் ஒருவனைத் தேடுவது எப்படி என்று அந்த மாதத்தில்தான் பழகினேன். அது இப்போது எனக்கு உதவுகிறது என்று சொல்ல ஆசைதான். உதவவில்லை.

பெருநாள் முடிந்த கையோடு காட்டிலிருந்து மறுபடி ஆள் கேட்டுச் செய்தி வந்தது, வெள்ளம் கொண்டுவந்து குவித்த கட்டைகளை நீரோடைகளிலிருந்து இழுத்துப் போட வேண்டுமாம். நீ வரமாட்டாய் என்றாய். உன் சாரனையும் என் பையில் வைத்துக் கட்டி உன்னை லொறியில் ஏற்றினேன். அங்கே ஓடைச் சேற்றுக்குள் நான் வழுக்கி மல்லாக்க விழுந்து, எழும்பப் போய் மறுபடி விழுந்து, கோடரியையும் தொலைத்தேன். ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. நீகூடக் கொஞ்சம் சிரித்தாய்.

அன்று பொழுது சாயும்போது குளக்கரையில் கை கழுவிக்கொண்டிருந்தோம். தண்ணீர் இறங்கியிருந்தது, மேடு புல்லேறிப் பச்சையாகக் கிடந்தது. மான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. பால் மறவாத குட்டிகளும் கூட. அவை எங்களைக் கண்டன, ஓடவில்லை. நீ அசையாமல் நின்றாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் கண் நிறைந்திருந்தது.

திரும்பி வந்த மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுக் கயிறு பிடித்தோம். வடக்கே இருந்து உன் குரல் வந்தது. சேற்றுக்குள் விழுந்த எருமையைப் பற்றிப் புது அம்பா. எருமை யாரென்று கரைக்கே தெரியும். சிரித்துச் சிரித்து இழுத்தார்கள். நான் அழுதுகொண்டு இழுத்தேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பருவம் முழுவதும் பாடினாய். மாரி இருட்டத் தொடங்கியபோது காய்ச்சல் என்று படுத்தாய், கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ நடந்து திரும்பி வரவில்லை. உன்னை அடக்கிய மையவாடி நம் கரைக்குப் பக்கத்தில்தான். அம்பாச் சத்தம் அங்கே கேட்கும் என்று நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போது என்னைத்தான் பாடச் சொல்லி வடக்குக் கயிற்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாடுகிறேன், என் குரல் உனக்குத் தெரியும், ஆற்றுவாய்த் தவளை. பழைய அடிகள்தான். புதிதாகக் கட்ட வரவில்லை. கட்டினாலும் யாரை வைத்துக் கட்டுவது? என்னைச் சீண்டவும் இந்தக் கரையில் ஒருவனும் இல்லை. சேற்றுக்குள் விழுந்தால் மரியாதையாகத் தூக்கிவிடுகிறானுகள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மடி கரையேறும் முன்னால், இரண்டு பக்கமும் நெருங்கும் அந்த இடத்தில், ஒவ்வொரு நாளும் நான் கொஞ்சம் பாட்டை நிறுத்துகிறேன். பொடியன்கள் பொறுத்து நிற்கிறார்கள். வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறான் என்று நினைக்கிறார்கள். இன்றைக்கும் நிறுத்தினேன். உள்ளங்கையைக் கயிற்றில் வைத்தபடி மறுபக்கத்திலிருந்து உன் ஒரு துடிப்புக்காகக் காத்து நின்றேன்.

வலை மட்டும்தான் வந்தது, மச்சான். உள்ளே அந்தக் கட்டை கிடந்தது.