மூண்டு காரும் ஏன் ஆனையிறவுப் பக்கம் போகுது

சிவமயம்

சாவகச்சேரி,
07.05.2026, வியாழன்.

அன்பு மகன் சிவகரனுக்கு,

நீயும் ஆரணியும் பேரனும் உங்கை ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதத் தொடங்கிறன். நானும் அப்பாவும் உன்ரை தங்கச்சி தாரிகாவும் இஞ்சை சுகம், வெயில்தான் மண்டையைப் பிளக்குது. போனிருக்கக் கடிதம் என்னத்துக்கு எண்டு நீ சிரிப்பாய். போன் எடுத்தா உன்ரை கொப்பர் உடனை லவுட் ஸ்பீக்கரிலை போட்டிடுவார், தாரிகா பக்கத்திலை வந்து குந்திவிடுவாள், எனக்கு மனம் விட்டுக் கதைக்க ஒரு மூலை இல்லை. நீதிமன்றத்திலை என்னோடை வேலை செய்த குருநகர் ஸ்ரெல்லா வாற புதன் ஒஸ்லோவுக்கு மகளிட்டை வாறா. அவவிட்டை மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் குடுத்துவிடுறன், அந்தப் பையுக்குள்ளை இது இருக்கும். வாசிச்சு முடியுமட்டும் கார் விசயமாய் ஆருக்கும் ஒரு வாக்கும் குடுத்துப்போடாதை.

விசயம் வேறை ஆருமில்லை, தாரிகாவுக்குப் பேசின சுபாங்கன்தான். தையிலை நிச்சயம் பண்ணினம், ஆவணியிலை கலியாணம். பருத்தித்துறையிலை நல்ல குடும்பம், யாழ்ப்பாணத்திலை சோலர் பூட்டுற கொம்பனியிலை வேலை, குடி இல்லை, சிகரெட் இல்லை, சீதனம் எண்டு வாயே திறக்கேல்லை. எனக்கு அதுதான் முதலிலை இடிச்சது. முப்பத்தொரு வருசம் கோட்டிலை வழக்குக் கட்டு அடுக்கினவள் நான், ஒரு மனுசன் ஒண்டுமே கேக்காமல் இருந்தா எனக்கு நித்திரை வராது. பாத்தால், இப்ப ரண்டு மாதமாய் உவருக்குக் கரண்ட் கார் விசர் பிடிச்சிருக்குது. வாற நேரமெல்லாம் அதே கதை. இது ஒரு சார்ஜிலை எவ்வளவு தூரம் ஓடும், அதுக்கு சீற் எப்பிடி, மற்றதுக்கு என்னென்ன உதவி இருக்குது எண்டு போனிலை படங்காட்டிப் படங்காட்டி, மாமி நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு என்னைக் கேக்கிறார். நான் என்னத்தை நினைக்கிறது? நீயும் போன கிழமை, பெடியனுக்குப் பிடிச்சதை வாங்கிக் குடுப்பமம்மா எண்டு லவுட் ஸ்பீக்கரிலை சொல்லிப்போட்டாய். கொப்பர் உச்சி குளிர்ந்துபோனார். எனக்கு நெஞ்சு பத்திச்சுது.

சும்மா சந்தேகப்படுறன் எண்டு நினையாதை, கேள். சிநேகிதன்மாற்றை காரை இரவல் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையிலை வந்து எங்களை ஏத்திக்கொண்டு போறார். முதல் வந்தது வெள்ளை. உள்ளை சத்தமே இல்லை, பஞ்சு மெத்தை மாதிரி சீற், ஆனால் பற்றரி காரின்ரை தளத்துக்குக் கீழை கிடக்கிறதாலை கால் வைக்கிற இடம் உயந்து, முழங்கால் நெஞ்சிலை முட்டக் குந்தியிருந்து போனன். தூரமெண்டால் அதுதான் கூட ஓடுமாம், கிளிநொச்சி போய்த் திரும்பியும் பாதிக்கு மேலை மிச்சம் நிண்டது. ரண்டாவது நீலம். அதுக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி, சித்திரை வெயிலிலை அதுக்குக் கீழை இருக்கிறது அப்பளம் காயப்போட்டது மாதிரி. அந்தச் சூட்டுக்கு ஏசியைக் கூட்டக் கூட்டக் கரண்டும் கடகடவெண்டு இறங்கிச்சுது. நான் சும்மா இருந்தனான் எண்டு நினைச்சியோ, இறங்கிற ஒவ்வொரு இலக்கத்தையும் கலண்டர்த் தாளிலை குறிச்சு வைச்சிருக்கிறன்.

இனித்தான் விசயம். வெள்ளையும் நீலமும் ரண்டும் போனது கிளிநொச்சிப் பக்கம். அவற்றை வீடு பருத்தித்துறையிலை, வேலை யாழ்ப்பாணத்திலை. பிறகேன் ஒரு நாள் எண்டாலும் யாழ்ப்பாணப் பக்கம் திருப்பேல்லை? பளை தாண்டி, ஆனையிறவிலை தண்ணிக்கு நடுவாலை போற அந்த நேர் றோட்டிலை மெதுவாய் விட்டு, ஸ்ரியரிங்கை எப்பன் தளத்தி, கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டுதோ எண்டு பாக்கிறார். தாண்டேக்கை வெள்ளைக் கார் ஒண்டும் சொல்லேல்லை. நீலம் கிணுகிணுத்துப்போட்டு, களைச்சுப்போனியள் போலை, ஓய்வெடுங்கோ எண்டு ஒரு கோப்பிக் கோப்பைப் படம் காட்டிச்சுது. உவருக்கு அது காணாதாம். சாரதியின்ரை கண்ணையே பாத்துக்கொண்டிருக்கிற கமெராவோடை ஒண்டு இருக்குதாம், சாம்பல் நிறம், வாற ஞாயிறு அதைக் கொண்டுவாறாராம். முப்பத்திரண்டு வயசுப் பெடியனுக்குக் கண்ணைக் காவல் காக்கிற கார் என்னத்துக்கு? எனக்கு ரண்டு ஐமிச்சம். ஒண்டு, உவருக்கு வலிப்போ கண்ணிலை கோளாறோ ஏதோ இருக்குது, மறைச்சுக் கலியாணம் கட்டப்பாக்கினம். மற்றது, சொல்லவே வாய் கூசுது, கிளிநொச்சியிலை உவருக்கு வேறை ஏதோ தொடுப்பு இருக்குது. கொப்பரிட்டைச் சொன்னால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைக்கிறார். தாரிகாவிட்டை மெல்லக் கேட்டனான், அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடுப்பு மடிக்கிறாள். ஞாயிறு போய் வந்துதான் இதை முடிப்பன். நேரை கேக்கப்போறன், எனக்கென்ன பயம்.

11.05.2026, திங்கள்.

சிவகரன், மேலை எழுதினதைக் கிழிச்சு எறிவம் எண்டு தாளைக் கையிலை எடுத்தனான், பிறகு விட்டிட்டன். நான் பிழையாய் நினைச்சதும் இதிலை கிடக்கட்டும்.

நேற்று அந்தச் சாம்பல் கார் வந்தது. மூண்டிலையும் வசதி குறைஞ்சது அதுதான், சீற் பள்ளிக்கூட வாங்கு மாதிரி, பின்னுக்கு இருந்தா முன் சீற் முழங்காலிலை இடிக்கும், ஓடுற தூரமும் குறைவு. வழமை மாதிரி ஆனையிறவுப் பக்கம்தான். அந்த நேர் றோட்டு வந்தவுடனை கோட்டுப் பக்கம் எப்பன் விட்டார், கார் தானாய் ஸ்ரியரிங்கைப் பிடிச்சு உள்ளுக்கை இழுத்துது. நான் ஐயோ எண்டு கத்திப்போட்டன். பிறகு ஒரு கரையிலை நிப்பாட்டி, தாரிகாவை ஓடச் சொல்லி இடம் மாத்திக் குடுத்தார். அவளிட்டைக் கார் லைசென்சும் இருக்குதெல்லோ. அவள் கொஞ்சத் தூரம் ஓடினாள், கண் கரைப் பக்கம் போகக் கார் ஒருக்கா றீங் எண்டுது, ரண்டாந்தரமும் எண்டுது, உடனை ஓரமாய் நிப்பாட்டிப்போட்டு ஸ்ரியரிங்கிலை தலையை வைச்சு விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டாள். நான் பின்னுக்கிருந்து, என்ன இது, என்னத்தை ஒளிக்கிறியள் ரண்டு பேரும் எண்டு கத்தினன். அப்பதான் சொன்னாள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு அவள் பஸ்ஸிலை போறாள் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான். ஸ்கூட்டியை பஸ் ஸ்ராண்டடியிலை விட்டிட்டுப் போறன் எண்டுதானே எனக்குச் சொன்னவள். நைற் டியூட்டி நாளிலை ஸ்கூட்டியிலையே முழுத் தூரமும் போய் வந்திருக்கிறாள், விடிய நிண்டுகொண்டு பஸ்ஸிலை வரக் கால் ஏலாதாம். மாசியிலை ஒரு நாள் விடிய ஏழரை மணிக்கு அந்த இடத்திலைதான் கண் சொருகிப்போச்சுதாம். முழிச்சுப் பாக்க ஸ்கூட்டி றோட்டை விட்டு இறங்கி உப்புச் சேத்துக்குள்ளை கிடக்குதாம், இவள் ஒரு பக்கம், ஹெல்மெற் ஒரு பக்கம். பின்னாலை வந்த லொறி அப்பிடியே தாண்டிப் போச்சுதாம். மற்றப் பக்கம் சரிஞ்சிருந்தால், சிவகரன், லொறிக்குக் கீழைதான். அண்டைக்கு முழங்கை உரஞ்சுப்பட்டு வந்தவளை, ஆஸ்பத்திரி வாட்டிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொன்னவளை நம்பி, நான்தான் மஞ்சள் அரைச்சுப் பூசினனான். முப்பத்தொரு வருசம் எத்தினை விபத்து வழக்கின்ரை சாட்சியம் வாசிச்ச கண் இது, என்ரை பிள்ளையின்ரை கையைப் பாத்து ஒண்டும் விளங்கேல்லை.

அந்த நேரம் அவள் போன் எடுத்தது சுபாங்கனுக்கு. அவன்தான் யாழ்ப்பாணத்திலையிருந்து ஓடிவந்து ஏத்தியிருக்கிறான். நெளிஞ்ச மட்காட்டைத் தட்டி நிமித்தினது கொப்பர். வழி நெடுக ஐமிச்சப்பட்டுக்கொண்டு திரிஞ்ச எனக்கு மட்டும்தான் தெரியாது. ஏனடி எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். உங்களுக்குச் சொன்னா நீங்கள் வழக்கு வைச்சு விசாரிப்பியள், பேந்து வேலையை விடச் சொல்லுவியள் எண்டாள். சொல்லியிருப்பன்தான், அதிலை பொய் இல்லை.

வீட்டை வந்து தேத்தண்ணி குடுக்கேக்கை சுபாங்கனைக் கேட்டன், எங்கடை ஒழுங்கையிலை வெள்ளைக் கோடு இல்லையே, அங்கை உந்தக் கார் என்ன செய்யும், லைற் இல்லாத சைக்கிளும் மாடும் குறுக்கை வந்தால் தெரியுமோ, முழுக்க உதை நம்பேலுமோ எண்டு. அவன் பொய் சொல்லேல்லை. நம்பேலாது மாமி, அது சாரதி இல்லை, பக்கத்திலை இருந்து தட்டி எழுப்பிற ஆள் மாதிரி, நித்திரை வந்தா நிப்பாட்டித்தான் ஆகவேணும் எண்டான். லீசிங்கிலை தானே எடுக்கிறானாம், உன்னட்டை ஒரு சதம் வேண்டாமாம். மாமி சாம்பலுக்கு ஓம் எண்டாத்தான் தாரிகா ஓம் எண்டு சொல்லுவாளாம், அதுக்குத்தான் ஒவ்வொரு காரிலையும் என்னை ஏத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். முழங்கால் இடிச்சாலும் பரவாயில்லை, சாம்பலையே எடு ராசா எண்டு சொல்லிப்போட்டன். கார் வருமட்டும் நைற் டியூட்டி நாளிலை கொப்பர் பஸ்ஸிலை போய்க் கூட்டிக்கொண்டு வரட்டும், மட்காட் நிமித்தத் தெரிஞ்சவருக்கு அதுவும் தெரியும்தானே.

ஆனால் இரவு முழுக்க வேறை ஒண்டு குடையுது. நீயும் அந்த வெதுப்பகத்திலை இரவிரவாய் வேலை செய்துபோட்டு, விடியப்புறம் பனியிலை தனியக் கார் ஓடிக்கொண்டு வாறனி. எப்ப எடுத்தாலும் ஆரணி, அவர் நித்திரை மாமி எண்டு சொல்லுவாள், நீ எடுத்தா நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லுவாய். போன மார்கழியிலை நீ கார் மாத்தினது ஏன்? பழசு நல்லாத்தானே ஓடினது, நான் கேட்டதுக்கு, வசதிக்கம்மா எண்டு சொல்லிக் கதையை மாத்தினாய். எனக்கு அப்பவே ஏதோ பட்டது.

நீயும் ஆரணியும் பேரனும் நூறாண்டு நோய் நொடியில்லாமல் வாழவேணும், பிள்ளையார் துணை நிப்பார். ஒடியல்மாவைக் காத்துப் புகாத போத்திலிலை போட்டு வை, உங்கடை குளிருக்குக் கட்டிபட்டுப்போகும். ஸ்ரெல்லா ஆனியிலை திரும்பி வாறா. அவவிட்டை ஒரு துண்டிலை எழுதிக் குடுத்துவிடு, போனிலை வேண்டாம், கொப்பர் போட்டுக் காட்டிவிடுவார். உனக்கும் எங்கையாவது கண் சொருகினதோ, ஆருக்குச் சொன்னனி எண்டு எழுது. நான் கத்தமாட்டன் மகன். குறுக்கு விசாரணை செய்யமாட்டன், வேலையை விடு எண்டு சொல்லமாட்டன். எனக்குச் சொல்லு.

அன்போடை,
அம்மா
சோ. கனகாம்பிகை