மேற்குச் சன்னல் சங்கிலி

கடத்தூர்,
சித்திரை 28.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலி, உன் அம்மாவுக்கு என்னால் தலைவலி, மற்றபடி குறையில்லை. வத்தல்மலைப் பக்கம் தினமும் சாயங்காலம் மேகம் கூடுகிறது, இரண்டு தடவை உறுமுகிறது, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளைப் போலக் கலைந்து போய்விடுகிறது. தக்காளி நாற்றுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான்.

போன வாரம் நீ போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாய், புது வீட்டுச் சன்னலுக்குச் சுருட்டி ஏற்றுகிற இந்த ரோலர் பிளைண்ட் போடப் போகிறோம், எப்படி இருக்கிறது அப்பா என்று. நான் பதில் போடவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நம் ஊர் சந்திரமோகன் இந்த வாரம் உங்கள் ஊருக்கு வேலைக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அண்ணன் பிரபாகர் இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். அவன் சொல்வதைக் கேட்டு நான் எதையாவது செய்தது உண்டா?

தருமபுரியில் உன் அண்ணன் கட்டிய மாளிகையை நீ இன்னும் நேரில் பார்க்கவில்லை. மேற்கே பார்த்து ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. நம் ஊர் வெயிலுக்கு மேற்கே கண்ணாடிச் சுவர் வைக்கிறவனைப் படித்தவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கண்ணாடி போட்டதும் வீடு அடுப்பாகிவிட்டது. அதற்கு வைத்தியம் பார்க்க, நீ கேட்ட இதே ரோலர் திரை விற்கிற ஒரு கடைக்காரன் வந்தான். தலையில் எண்ணெய், காலில் கூர் மூக்குச் செருப்பு, கையில் துணி மாதிரிகள் அடுக்கிய புத்தகம். “இது வெயிலை அப்படியே திருப்பி அனுப்பிடும் சார், ஏசியே போட வேண்டியதில்லீங்க” என்றான். வெயில் என்ன தபாலா, விலாசம் தப்பு என்று திருப்பி அனுப்ப? உன் அண்ணன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தேர்ந்தெடுத்த நிறம் கறுப்புச் சாம்பல். அதுதான் இப்போது ஸ்டைலாம்.

பங்குனியில் நாலு நாள் அங்கே போய் இருந்தேன். மூன்று மணிக்கு அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டு என்ன பயன், அந்தச் சூடு திரைக்குப் பின்னாலிருந்து அறைக்குள்தான் இறங்கும். வெளியிலேயே மறிக்க வேண்டும் என்று சொல்லி, நாற்றங்காலுக்கு வாங்கிய பச்சை வலையைக் கொண்டுபோய்ச் சன்னலுக்கு வெளியே ஓர் அடி தள்ளிக் கட்டினேன். அறை தணிந்தது, ஏசிச் சத்தமும் நின்றது. மறுநாள் அவன் ஆபீஸ் ஆட்கள் சாப்பிட வருகிறார்கள் என்று வலையைச் சுருட்டி மொட்டை மாடியில் போட்டுவிட்டான். “ரோட்ல இருந்து பாத்தா அசிங்கமா தெரியுதுப்பா” என்றான். விருந்தாளிகள் புழுங்கிச் சாகலாம், ரோட்டில் போகிறவனுக்கு அசிங்கமாகத் தெரியக் கூடாது.

இதுவரைக்கும் சிரிக்கிற கதை. இனி சொல்லப்போவது அப்படி இல்லை பாப்பா.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிகள் போன பிறகு உன் அண்ணன் உள்ளறையில் தூங்கினான். உன் அண்ணி கலைமணி சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தை தன்விகா எனக்குப் பின்னால் சன்னலடியில் கிடந்த திவானில் ஏறி நின்று, வெளியே மண் அள்ளுகிற ஜேசிபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரையை ஏற்றி இறக்க ஒரு மணிச் சங்கிலி தொங்கும், கீழே வெட்டு இல்லாமல் வளையமாக. பிள்ளை அதை மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள், பிறகு திவான் விளிம்பில் கால் வழுக்கியிருக்கிறது. அழுகை இல்லை, இருமல் இல்லை. குதிகால் திவான் கட்டையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. விளையாடுகிறாள் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே, சும்மா இரு சாமி என்றேன். அந்தச் சத்தமும் நின்ற பிறகுதான் திரும்பினேன்.

நான் என்ன செய்தேன் என்று கேள். எழுபது வயது, இரண்டு கிணறு வெட்டியவன், எல்லாருக்கும் புத்தி சொல்கிறவன், ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அறுந்துவிடும் என்று நினைத்தேன். எஃகு மணி, அறுபடவில்லை. இழுக்க இழுக்கக் கழுத்தில் இறுகியது. பிள்ளையின் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தேன். நான் போட்ட கத்தலில் கலைமணி மாவுக் கையோடு வந்தாள். “மாமா, கைய எடுங்க!” என்று என்னை ஒரு தள்ளு தள்ளினாள், நான் சுவரில் போய் மோதினேன். அவள் முதலில் சங்கிலியைத் தொடவே இல்லை. பிள்ளையை ஒரு கையால் இடுப்போடு சேர்த்து மேலே தூக்கினாள். பாரம் போனதும் சங்கிலி தளர்ந்தது, மற்றக் கையால் தலைக்கு மேலே கழற்றி எடுத்தாள். பிள்ளை ஒரு மூச்சு இழுத்தது, அப்புறம்தான் அழுதது. அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று அனுப்பினார்கள். தாடைக்குக் கீழே மணி மணியாகச் சிவந்த கோடு பத்து நாள் இருந்தது. உன் அண்ணன் கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கத்தினான். அந்த மனிதன் பதறவில்லை. “பாக்கெட்லயே கிளிப்பு குடுத்திருக்கோம் சார், செயினை இழுத்து செவுத்துல மாட்டறதுக்கு. நீங்கதான் பெயிண்டு போயிடும், ஓட்டை போடாதீங்கன்னீங்க” என்றான். தேடினால் கிளிப்பு சமையலறை இழுப்பறையில், கவர் பிரிக்காமல். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக். கிளிப்பை மாட்டாமல் வேலை முடிந்தது என்று கிளம்பிப் போனவன் ஒருவன், பிள்ளையின் கழுத்தைவிடச் சுவரின் பெயிண்டைப் பெரிதாக நினைத்தவன் ஒருவன். இரண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டினேன்.

திட்டி முடித்த பிறகு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அந்தத் திவான் முதலில் எதிர்ச்சுவர் ஓரம்தான் கிடந்தது. காற்று வரும் என்று சன்னலடிக்கு இழுத்துப் போட்டது நான்தான். அதை யாரும் கேட்கவில்லை. நானாகவே போய்க் கலைமணியிடம் சொன்னேன். “வுடுங்க மாமா, கொழந்தை நல்லா இருக்குதில்ல” என்றாள், அவ்வளவுதான். ஆறு வருடமாக அவளைப் பற்றி உன்னிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன், எந்நேரமும் போன், சமைக்கத் தெரியாது, சாமர்த்தியம் போதாது என்று. அத்தனையும் தப்பு. அந்த வீட்டில் மூளை இருந்த ஒரே ஆள் அவள்தான், நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் எதற்கும் ஆகாதவர்கள்.

இப்போது ஆறு திரையையும் கழற்றியாகிவிட்டது. வெளியே மூங்கில் தட்டி, உள்ளே வெள்ளைத் துணி வைத்துத் தைத்த கெட்டிப் பருத்தித் திரை. எதிர்வீட்டு ஆள் வந்து, என்னங்க ஆட்டுப்பட்டியா என்று கேட்டானாம். அவன் வீட்டில் காலை எட்டு மணிக்கே ஏசி ஓடுகிறது, அவன் சிரித்துக்கொள்ளட்டும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரம் அதே மணிச் சங்கிலி. உன் பையன் இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறான். கயிறும் சங்கிலியும் இல்லாததாக வாங்கு, அல்லது கம்பியில் ஓடுகிற சாதாரணத் துணித் திரையே போதும். வெயில் படுகிற பக்கம் வெள்ளையாக இருக்கட்டும், இரண்டு ஓரமும் சுவரை ஒட்டி, கீழே தரை வரைக்கும் இறங்கட்டும். வெயில் அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே மூடு, சூடேறிய பிறகு மூடிப் பயனில்லை. வெளியே தட்டி கட்ட வீட்டுக்காரர் விடுவாரா என்று கேள். முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், இன்னொரு தடவை கேள்.

அம்மா அனுப்பிய எள்ளுருண்டையை மாப்பிள்ளைக்கும் கொடு. உன் அண்ணிக்கு ஒரு போன் போடு, நான் சொன்னேன் என்று சொல்லாதே. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுளோடு நன்றாக இருக்க வேண்டும். படித்ததும் எனக்குப் பதில் எழுத உட்காராதே. எழுந்து போய், பழைய வாடகைக்காரன் விட்டுப்போன திரைகளில் கயிறு எங்கே தொங்குகிறது என்று ஒவ்வொரு அறையாகப் பார். பேரன் தூங்குகிற தொட்டிலையும் சன்னலடியிலிருந்து தள்ளிப் போடு. அவன் சத்தம் போடாமல் இருந்தால் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்ளாதே, திரும்பிப் பார்.

இப்படிக்கு,
திரும்பிப் பார்க்கத் தாமதித்த உன் அப்பா,
மாதவராஜ்.